கடிகாரத் துரையும் மூன்றாவது சமூசாவும்

சுவிட்சர்லாந்து என்று ஒரு தேசம் உண்டான நாளிலிருந்து அங்கே பிறந்தவர்களிலேயே, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் ஒரு நாள்கூட வந்து நின்றறியாத ஒரே பிரஜை எங்கள் கடிகாரத் துரைதான். "நாளைக்கு அஞ்சு மணி, மைதானம், பதினொரு பேரும்" என்று அவரே உத்தரவு போடுவார். நாங்கள் நாலே முக்காலுக்கே போய்க் காத்திருப்போம். ஆறேகாலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேருவார். வந்தவுடன், "இருட்டிலே பந்து ஆடுறது பைத்தியம்" என்று எங்களைத்தான் திட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ரங்கூன் பபேடான் வட்டாரத்து இருபத்தொன்பதாம் தெருக்காரர்களின் பூகோள ஞானம்தான் காரணம். அவர் ஓர் ஐரோப்பிய அரிசிக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்க வந்தவர். கம்பெனி அவருக்குப் பங்களாவில் ஓர் அறை கொடுத்திருந்தது. அங்கே சாப்பாட்டு மேஜைக்குக் கூட கோட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். போனால் பேச்செல்லாம் அரிசியைப் பற்றியாம். மூன்றாவது மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, டீக்கடை மாடியை வாடகைக்குப் பிடித்துவிட்டார். எதிர் மாடியில் நான் நாலு குமாஸ்தாக்களோடு மெஸ் வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசலில் கூட்டம். சுவிஸ்காரர் குடிவந்திருக்கிறார் என்ற செய்தி பரவி, தெருவில் ஓடாத கடிகாரம் அத்தனையும் மாடிப்படி ஏறியிருந்தது. ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் குழந்தையைப்போல் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற முறையில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"தனக்குக் கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். பந்தாட்டம்தான் தெரியுமாம்" என்றேன்.

"ஆடட்டுமே, யாரு வேணாங்கிறா?" என்றார் சுவர்க் கடிகாரக்காரர். "ஆடிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க. அவசரமில்லே."

துரை முகத்தை முறிக்கத் தெரியாத மனிதர். மரியாதைக்காக ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்தார். திறந்ததை அவராலும் மூட முடியவில்லை, பிற்பாடு வேறு யாராலும் மூட முடியவில்லை. அது என்னுடையது. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

அவருடைய உண்மையான தொழில் பந்தாட்டம்தான். சாதாரண ஆட்டமில்லை. சுவிட்சர்லாந்து தேசத்துக்காகவே மூன்று தடவை ஆடியவர். மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. ஊரில் ஏரிக்கரையில் ஒரு கிளப், சின்ன வயதிலிருந்து அவர் ஆடிய கிளப். அதன் கமிட்டிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, "உன் ஆட்டம் முடிந்தது" என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். "ஆட்டம் முடிஞ்சா என்ன, சொல்லித் தரேன்" என்றாராம் இவர். "யாருக்காவது சொல்லிக் கொடுத்துக் காட்டிவிட்டு வா" என்றார்களாம். அதைக் காட்டத்தான் அவர் கப்பலேறினார். உலக வரைபடத்தில் ரங்கூன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே ஏறியதாகச் சொல்லுவார்.

தேசத்துக்கு ஆடியதற்கு அத்தாட்சியாக அவரிடம் ஒரு போட்டோ இருந்தது. பதினொரு பேர் வரிசையாக நிற்பார்கள். அதில் பத்து முகம்தான் தெரியும். பதினோராவது ஆளுக்கு முன்னால் ஒரு நெடியவன் நின்று தொலைத்துவிட்டான். அவன் தோளுக்கு மேல் ஒரு காது மட்டும் தெரியும்.

"அந்தக் காது நான்" என்பார் பெருமையோடு.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு மரியதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், துறைமுகத்தில் குமாஸ்தா. எதையும் எழுத்து மூலம் கொடுத்தால்தான் நம்புவான். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "துரை, கொஞ்சம் இப்படித் திரும்புங்க... இன்னும் கொஞ்சம்..." என்று கால் மணி நேரம் காதைச் சரிபார்த்துவிட்டு, "இது வலது காது. உங்க வலது காதுலே மச்சம் இருக்கு. இதுலே காணோம்" என்றான்.

"மச்சம் ரங்கூன்லே வந்தது" என்றார் துரை. அந்த வெயிலில் எது வேண்டுமானாலும் வரும் என்பதால் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

சங்கம் என்று சொன்னேன். துறைமுகம், ரயில்வே, முனிசிபாலிட்டி என்று பல இடங்களில் வேலை பார்த்த தமிழர்கள் சேர்ந்து வைத்திருந்த பந்தாட்டச் சங்கம். வருஷந்தோறும் மழைக்காலத்தில் நடக்கும் கோப்பைப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மீதி மழையை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் மரபு. நான் அதன் கௌரவச் செயலாளர். என் காலுக்கும் பந்துக்கும் ஏழாம் பொருத்தம் என்று கண்டுபிடித்த அன்றைக்கே, ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

துரை எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தது ஒரு கருணையினால் என்று நாங்கள் நினைத்தோம். "உங்களைவிட மோசமான அணி இந்த ஊரிலே இல்லை. உங்களை ஜெயிக்க வைத்தால் யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது" என்று அவர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

முதல் மாதம் அவர் பந்தையே கண்ணில் காட்டவில்லை. பதினொரு பேரும் பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட வேண்டும், கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். மைதானத்து ஓரத்தில் வேர்க்கடலை விற்கும் பர்மியப் பெண்மணி ஒருவர் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புல்லுக்குள் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். பந்து தொலைந்துவிட்டதென்று அவருக்கு எண்ணம். விஷயத்தைச் சொன்னதும் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு எங்களுக்குக் கொசுறு கடலை கொடுக்க ஆரம்பித்தார்.

துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் எங்கள் ஃபுல் பேக் தாண்டவன். கிரேனில் மூட்டை ஏற்றுகிறவன். இரண்டு கிரேன் சத்தத்துக்கு நடுவே கற்ற தமிழாகையால் அதில் மெதுவாகப் பேசுகிற சொல்லே கிடையாது. சங்கத் தலைவர் பெரிய மனிதர், சரிகைத் தலைப்பாகை வைத்தவர். அவரை முதன்முதலில் சந்தித்தபோது துரை இரண்டு கையையும் கூப்பி, மிகுந்த பக்தியோடு, "டேய், வாடா! சாப்டியா?" என்றார். தலைவர் ஒரு வாரம் சங்கத்துப் பக்கம் வரவில்லை.

வெறுங்காலால் ஆடுவது துரைக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ எழுதிப் போட்டுப் பதினொரு ஜோடி பூட்ஸ் வரவழைத்தார். பூட்ஸ் போட்டு எங்கள் ஆட்கள் தெருவில் நடந்து வந்த அழகைப் பார்க்க மாடியெல்லாம் ஜனம். தாண்டவன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டு வந்தான். ஆனால் மைதானம் வந்ததும் பதினொரு பேரும் கோட்டுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, பயபக்தியோடு உள்ளே போனார்கள். கோவிலுக்குள் செருப்போடு போகலாமோ? துரை அந்த வரிசைக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். பிறகு தம்முடைய பூட்ஸையும் கழற்றிப் பன்னிரண்டாவது ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றோடு பூட்ஸ் விவகாரம் தீர்ந்தது.

ஆனால் அவர் ஆயுளில் பாதியைத் தின்றது ஆஃப்சைடு சட்டம்தான். பந்து தன்னை நோக்கி உதைக்கப்படும்போது ஆட்டக்காரனுக்கும் எதிரியின் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரிகள் மூன்று பேர் இருக்க வேண்டும்; குறைந்தால் தப்பு, லைன்ஸ்மேன் கொடி தூக்குவான். அவ்வளவுதான். இதை அவர் டீக்கடையில் மேஜைமேல் மூன்று சமூசாக்களை வைத்து விளக்குவார்.

"இது கோல்கீப்பர். இது ஒரு பேக். இது இன்னொரு பேக். மூணு சமூசா இருக்கு. மரியதாஸ் இங்கே. சரியா, தப்பா?"

"சரிங்க துரை."

"இப்போ?"

"சரிங்க."

"எப்படிச் சரி? எங்கே மூணாவது சமூசா?"

மூன்றாவது சமூசா தாண்டவன் வாயில் இருக்கும். எங்கள் கோல்கீப்பர் கோ டின், இந்தக் கூட்டத்தில் ஒரே பர்மியர், மெல்ல நகர்ந்து மற்ற இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "யாபாதே, சயா" என்பார். பரவாயில்லை வாத்தியாரே என்று அர்த்தம். ஒவ்வொரு கோல் வாங்கும்போதும் அவர் அதைத்தான் சொல்வார். துரைக்கு மிகவும் எரிச்சல் மூட்டிய பர்மிய வார்த்தை அது.

இரண்டு வருஷம். எத்தனை நூறு சமூசா. கடைசியில் தாண்டவனுக்கே சட்டம் புரிந்த அந்த மாதத்தில், கடல் கடந்து ஒரு சேதி வந்தது. சட்டத்தையே மாற்றிவிட்டார்களாம். இனிமேல் மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். துரை அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு தட்டிலிருந்த மூன்றாவது சமூசாவை எடுத்துத் தாண்டவனிடம் கொடுத்து, "சாப்பிடு. இது சட்டமே சொல்லுது" என்றார்.

அந்தப் புதுச் சட்டத்தைத் தமிழில் எழுதி, கையாலேயே பதினொரு பிரதி எடுத்து, ஒவ்வொருவரிடமும் கொடுத்தது நான். பன்னிரண்டாவது பிரதியை டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. என்னால் மறக்க முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

துரை ஏன் எப்போதும் தாமதமாக வந்தார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஆபீஸ் வேலையாக ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே ஜெட்டி என்கிற கப்பல் துறையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தபால் கப்பல் புறப்படுவதைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். யாரையும் வழியனுப்ப வந்தவர் மாதிரி இல்லை. கப்பல் ஆற்று வளைவில் திரும்பி, புகை மட்டும் மிஞ்சி, அந்தப் புகையும் கலைகிற வரைக்கும் நின்றார். அதற்கப்புறம்தான் எங்கள் நினைவு வந்து மைதானத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். வழியில் ஐஸ் ஃபாக்டரி. அதன் வாசலில் உமியில் உருட்டி வைத்திருந்த ஐஸ் பாளம் ஒன்றின்மேல் குனிந்து கன்னத்தை வைத்தார். அங்கே வேலை பார்த்தவர் என்னைப் பார்த்து, "தினமும் வர்றாருங்க. பல் வலி போல. பாவம்" என்றார்.

பல் வலி என்றே நானும் வைத்துக்கொண்டேன். ரங்கூனில் அந்த வலி யாருக்குத்தான் இல்லை?

புதுச் சட்டம் வந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து ரெஃபரியிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். இல்லை, ஜெயித்துத்தான் இருந்தோம். இரண்டாவது ஆட்டத்திலும் ஜெயித்தோம். பந்தில்லாமல் ஓடக் கற்றவர்களுக்குப் பந்தோடு ஓடுவது பொழுதுபோக்காக இருந்தது. மரியதாஸுக்கு இறக்கை முளைத்தது. கோ டின் யாபாதே சொல்லச் சந்தர்ப்பமில்லாமல் வாடிப்போனார். இப்படியே போய், கேட்டால் சிரிப்பீர்கள், இறுதி ஆட்டத்தில் போய் நின்றோம்.

அந்த வாரம்தான் துரைக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பயிற்சி முடிந்ததும் அணியை வட்டமாக உட்காரவைத்து, கடிதத்தை விரித்தார். ஆட்டக்காரர்களுக்கு உற்சாகம் ஊட்டும் பிரசங்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என் ஊர் கிளப். பழைய வாத்தியார் வயசாச்சு. போறாரு. கமிட்டி சொல்லுது: ரங்கூன்லே கோப்பை வாங்கினா, வா, வேலை உனக்கு. வாங்கலேன்னா வேற ஆள். புரியுதா? நீங்க ஜெயிச்சா" — எழுந்து நின்றுவிட்டார் — "நான் வீட்டுக்குப் போறேன்!"

கைதட்டலை எதிர்பார்த்துப் பார்த்தார். பதினொரு பேரும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு டீக்கடையில் அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"ஜெயிச்சா போயிடுவாரு" என்றான் தாண்டவன்.

"தோத்தா இங்கேயே இருப்பாரு. ஆனா அந்த மூஞ்சியைத் தினமும் யார் பாக்கிறது?" என்றான் மரியதாஸ்.

"ஏன்டா, இங்கே என்னடா குறை வெச்சோம் அவருக்கு? தலைவரையே டேய்ங்கறாரு, யாராவது கேட்டோமா?"

"அவருக்கு அம்மா இருக்காங்களாம்டா. எழுபது வயசாம்."

"எனக்குந்தான் இருக்கு, ராமநாதபுரத்திலே. நான் போறேனா?" என்றான் தாண்டவன்.

"நீ போக முடியலே. அவராவது போகட்டும்" என்றான் மரியதாஸ்.

தாண்டவன் தன் சமூசாவை மரியதாஸ் பக்கம் தள்ளி வைத்தான். கோ டின்தான், "சயா போறது நல்லது. ஜெயிக்கலாம்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் முடித்து வைத்தார். தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. ஜெயிப்பது என்று முடிவாயிற்று. சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: 'ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு இல்லை. செயலாளர் நடுநிலை.'

நடுநிலை! என்னைப்பற்றி நானே எழுதிய பொய்களில் அதுதான் சின்னது.

ஒன்று சொல்ல வேண்டும். ரங்கூனில் எங்களைப் போன்றவர்களுக்கு வழியனுப்புவது ஓர் உத்தியோகம். என் மெஸ்ஸில் என்னோடு இருந்த நாலு பேரும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறுவார்கள். ஒருவன் கல்யாணத்துக்குப் போவான், ஒருவன் நிலத்தகராறுக்குப் போவான். ஒருவனும் திரும்ப மாட்டான். ஜெட்டியில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் கப்பலிலிருந்து தெரியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. துரையோடு சாயங்காலங்களில் டீ குடித்த இரண்டு மூன்று வருஷத்தில்தான், ஆபீஸ் முடிந்து அவசரமாக வீட்டுக்கு வருவதற்குக் காரணம் என்று ஒன்று எனக்கு இருந்தது.

இறுதி ஆட்டம். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அணி. கொட்டுகிற மழை. மைதானம் நாற்று நடலாம் போல இருந்தது. பூட்ஸ்காரர்கள் வழுக்கி வழுக்கி விழ, வெறுங்காலர்கள் நண்டு மாதிரி ஓடினோம். ஓடினோம் என்றா சொன்னேன்? ஓடினார்கள். அக்காலத்தில் சங்கத்துக்கு ஒருவராக லைன்ஸ்மேன் கொடுக்க வேண்டும். ஆடத் தெரியாதவன்தானே செயலாளர்? எங்கள் பக்கத்துக் கொடி என் கையில்.

பாதி வேளையில் அவர்கள் ஒரு கோல். அப்புறம் தாண்டவன் பாதி மைதானத்திலிருந்து மூட்டையை வீசுவதுபோல் ஒரு உதை உதைத்தான். அது எப்படிப் போயிற்று என்று கோல்கீப்பர் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கிடந்தது. ஒன்றுக்கு ஒன்று. துரை கோட்டுக்கு வெளியே, தொப்பி தொலைந்து, தாடையில் தண்ணீர் வழிய, கிரேன் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்.

இன்னும் சில நிமிஷம்தான். இடது பக்கத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. மரியதாஸ் பாய்ந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பேக், ஒரு கோல்கீப்பர். ஒன்று, இரண்டு. நான் எண்ணினேன். தெளிவாக எண்ணினேன். இரண்டு பேர். புதுச் சட்டப்படி சரி. மரியதாஸ் பந்தை நெஞ்சில் வாங்கி, இறக்கி, அடிக்கக் காலை ஓங்கியபோது எனக்குப் பந்து தெரியவில்லை. ஜெட்டியில் அந்தத் தூண் தெரிந்தது. அதன் பக்கத்தில் மறுபடியும் நான் தெரிந்தேன்.

என் கை மேலே போயிற்று.

விசில் ஊதியது. பந்து வலைக்குள் கிடந்தது. ஜனக்கூட்டம் பாதிக் கூச்சலில் நின்றது. ரெஃபரி என் கொடியைக் காட்டினார். மரியதாஸ் திரும்பிப் பார்த்தான். கோபித்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. சொந்தச் சங்கத்தின் லைன்ஸ்மேன் சொந்த ஆளின் கோலுக்குக் கொடி தூக்குகிற காட்சி அவன் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தத் திகைப்பு தீருவதற்குள் பட்டாளத்துக்காரர்கள் எழுந்து வந்து இன்னொரு கோல் போட்டுவிட்டார்கள். கோ டின் யாபாதே என்று சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தாண்டவன் என்னை நோக்கி வந்தான். கிரேனில் மூட்டை வருவதுபோல் நிதானமாக வந்தான். "யோவ் செகரட்டரி! நம்ம ஆளுய்யா அவன்! ரெண்டு பேருய்யா! நீயே எழுதி ஒட்டினியே, சுவத்துலே இருக்கேய்யா!" என்று என் சட்டையைப் பிடித்தான். உண்மையைச் சொன்னால், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். நடுவே ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"டேய், விடு" என்றார் துரை. "இந்தாளு பழைய சட்டம். ரெண்டு வருஷம் மூணு சமூசா, மூணு சமூசான்னு யாரு சொன்னது? நான் சொன்னது. ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுத்தேன். அதான் தப்பு. என் தப்பு. விடு அவனை."

சட்டையை விட்டான். பதினொரு பேரும் அதை நம்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய சட்டத்தை மறக்க முடியாத முட்டாளாக இருப்பது அப்போது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சி. ஐந்து மணி என்று சொல்லியிருந்தார். ஐந்துக்கு வந்தார். மறுநாளும் ஐந்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும். ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். "தோத்தாலும் ஒரு நல்லது, துரைக்குக் கடிகாரம் பாக்கத் தெரிஞ்சுபோச்சு" என்று மரியதாஸ் சிரித்தான். நான் அன்றைக்கே ஐஸ் ஃபாக்டரிக்காரரிடம் போய் விசாரித்தேன். "இப்பல்லாம் வர்றதில்லீங்க. பல் சரியாயிடுச்சு போல" என்றார்.

ஜெட்டிப் பக்கமே அவர் போகவில்லை. கப்பல் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் எதற்காகக் கொடி தூக்கினேனோ அது கிடைத்துவிட்டது. தினமும் சொன்ன நேரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விடும் ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தார்.

பத்தாவது நாள் அவருடைய ஊர் கிளப்பின் விலாசத்தை அவர் மேஜைமேலிருந்த உறையில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். ஆபீஸில் நான் மனு எழுதுவதில் பெயர் பெற்றவன். முனிசிபல் விளக்குக் கம்பம் ஒன்று வேண்டுமென்றாலும், மிகவும் பணிந்து நடுங்கித் தெரிவித்துக்கொள்கிறேன் என்று தொடங்கி, தங்கள் மேன்மை தங்கிய பாதங்களில் என்று முடிப்பேன். அந்த நடையில் ஒன்பது பக்கம் எழுதினேன். வேர்க்கடலைக்காரப் பெண்மணியிலிருந்து ஆரம்பித்தேன். பூட்ஸ் வரிசையை எழுதினேன். கோப்பை அவர் கையில் இருந்ததென்றும், அதைத் தட்டிவிட்டது எதிரிகளல்ல, கீழே கையெழுத்திட்டிருக்கும் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியனாகிய நான்தான் என்றும் எழுதினேன். சட்டம் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் தூக்கினேன். அவர் போய்விடுவாரே என்று தூக்கினேன். இது என் குற்றம், தோல்வி அவருடையதல்ல என்று முடித்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

மழை நின்று, குளிர் வந்து, போகிற நேரம். ஒரு சாயங்காலம் மாடிப்படி இடிபடுகிற சத்தம். துரை என் மெஸ்ஸுக்குள் நுழைந்து, கையில் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"செக்ரட்டரி, நீ என்ன எழுதினே? என் கமிட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிச்சாங்களாம். ஒன்பது பக்கம். வாத்தியார் ரெண்டு நாள் படுத்துட்டாராம்."

"என்ன சொல்லியிருக்கிறார்கள்?"

"கமிட்டித் தலைவர் எழுதுறாரு: பதினொரு ஆளை ஜெயிக்க வைக்கிற வாத்தியார் நெறைய உண்டு. லைன்ஸ்மேனைத் திருடனாக்கின வாத்தியாரை இப்பத்தான் பாக்கிறோம். உடனே வா."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

புறப்பட்ட அன்று பதினொரு பேரும் ஆபீஸுக்கு மட்டம். தலைவரும் சரிகைத் தலைப்பாகையோடு வந்தார்; அவரே முந்திக்கொண்டு, "டேய், வாடா! சாப்டியா?" என்று துரையைக் கட்டிக்கொண்டார். தாண்டவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மரியதாஸ் போய் இழுத்து வர வேண்டியதாயிற்று. கோ டின் துரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகத் துரை என்னிடம் வந்தார். நான், "அன்றைக்கு மைதானத்தில்... பழைய சட்டம் என்று சொன்னீர்களே, அப்போதே உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"தெரியும்" என்றார். "தூக்கும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன்."

"பிறகு ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள்?"

அவர் கப்பலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் ஊர்லேர்ந்து நான் கிளம்பினப்போ கமிட்டி வந்தது, கூட ஆடினவங்க வந்தாங்க. எல்லாரும் கை குலுக்கினாங்க. போகாதேன்னு ஒருத்தன் கொடி தூக்கலே" என்றார்.

படி ஏறிப் போனார். சங்கு ஊதியது. நான் என் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கப்பல் கரையை விட்டு நகர்ந்து, நடுவே தண்ணீர் ஒரு முழமாகி, ஒரு பாகமாகி, அப்புறம் ஆறாகிவிட்டது. அவர் மேல் தட்டில் நின்று தொப்பியை ஆட்டினார். நான் வலது கையை நேராக உயர்த்தி, இறக்காமல் அப்படியே நின்றேன்.

விடை கொடுக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.